தண்டியடிகள் கட்டிய கயிறு
முதியோரும் உடல் இயலாதோரும் அச்சமின்றி நீராட இல்லத்தில் செய்ய வேண்டியவை

திருவாரூர்த் தியாகராஜப் பெருமான் திருக்கோயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது கமலாலயத் திருக்குளம். கோயிலுக்கு நிகரான பரப்பு குளத்துக்கும் உண்டு என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். அக்குளம் ஒரு காலத்தில் தூர்ந்து, கரை குறுகிக் கிடந்தது. அதைத் தோண்டிப் பெரிதாக்க வேண்டும் என்று உறுதி பூண்டவர், பிறவியிலேயே பார்வையில்லாத தண்டியடிகள். அறுபத்து மூவருள் ஒருவரான அவருடைய வரலாற்றைப் பெரியபுராணத்தில் படித்தவர்கள், அக்குளத்தில் மூழ்கி எழுந்தபோது அவர் கண் பெற்றதை மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னதாக அவர் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைக் கருத்தூன்றிப் பார்த்தவர்கள் குறைவு.

குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார். கரையில் மற்றொரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். மீண்டும் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினார். இன்னொருவர் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவருடைய திருப்பணியைக் கெடுக்க நினைத்தவர்கள் முதலில் ஏளனம் செய்து பார்த்தார்கள். அது பலிக்காமற்போகவே, மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததோடு, தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். எதை எடுத்துவிட்டால் அவரால் நீரருகே போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் இல்லங்களில் 75, 80 வயதைக் கடந்த பெரியோர்கள் நாள்தோறும் இறங்கும் நீர்த்துறை ஒன்று உண்டு. வீட்டுக் குளியலறைதான் அது. அங்கே பற்றிக்கொள்ள ஒரு கயிறாவது இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் இல்லை. பளபளக்கும் டைல்ஸ் உண்டு. சுவரில் துண்டு போடும் மெல்லிய கம்பி உண்டு. தரையில் ஒரு வாளி உண்டு. யாரும் பிடுங்கி எறியவில்லை. கட்டும்போதே கயிற்றை மறந்துவிட்டோம்.

ஆலய வழிபாட்டில் ஊறிய குடும்பங்களுக்கு நீராடல் என்பது உடல் தூய்மை மட்டுமன்று. சந்தியாவந்தனமோ, பூஜையோ, பாராயணமோ, விளக்கேற்றுவதோ, மடியாகச் சமைப்பதோ எதுவும் ஸ்நானத்துக்குப் பிறகுதான். ஆகவே, முதியவர் ஒருவர் நீராட அஞ்சத் தொடங்கினால், அவருடைய நாளின் வாசலே அடைபட்டுவிடுகிறது. குளிக்காமல் பூஜை அறைக்குள் நுழைய மனம் வராது. குளிக்கப் போகவோ கால் வராது. இரண்டுக்கும் இடையே நாற்காலியில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள்.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், பெரியம்மா முறை. விடியற்காலை 4 மணிக்கு நீராடி, கோலமிட்டு, விளக்கேற்றும் வழக்கத்தை அறுபது ஆண்டுகளாக விடாதவர். ஒரு மார்கழியில், சளி பிடித்திருக்கிறது என்று இரண்டு நாள் குளிக்கவில்லை. பிறகு முழங்கால் வலி என்றார். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார். பூஜை அறையில் மருமகள் விளக்கேற்ற, இவர் கூடத்தில் இருந்தபடியே கைகூப்பினார். வயதாகிவிட்டது, பக்தியில் பிடிப்புக் குறைந்துவிட்டது என்றுகூட வீட்டில் பேசிக்கொண்டார்கள். மனச்சோர்வாக இருக்குமோ என்று மருத்துவரிடமும் அழைத்துச் சென்றார்கள். அவர்தான் பொறுமையாகக் கேட்டு உண்மையை வெளியே கொண்டுவந்தார்: குளியலறைக் கதவுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மூன்று அடி ஈரத் தரை. ஒருநாள் அங்கே கால் வழுக்கி, விழாமல் தப்பித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இனித் தனியாகக் குளிக்க விடமாட்டார்கள் என்ற பயம்.

விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இடுப்பெலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் விழுவதற்கு முன்பே அச்சம் வந்துவிடுகிறது என்பதையும், அந்த அச்சத்தை முதியவர்கள் மறைப்பார்கள் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். வாளி நனையாமல் இருக்கிறதா, சுவரில் கையூன்றிய தடம் தெரிகிறதா, கதவைப் பிடித்தபடி சற்று நேரம் தயங்கி நிற்கிறார்களா என்று கவனித்தால் போதும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

குளியலறையில் மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து? ஈரம் ஒரு காரணம். சீயக்காய்த் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் எந்தத் தரையும் வழுக்கும்; சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எண்ணெய் முழுக்கு வழக்கமுள்ள வீடுகளில் மறுநாள் வரைகூட அந்தப் பிசுக்கு தரையில் நிற்கும். அடுத்தது வெந்நீர். சூடான நீர் உடலில் பட்டதும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் தாழ்கிறது. அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்கள் குனிந்து நிமிரும்போது கண் இருண்டு வருவது இதனால்தான். சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால் உள்ளங்கால் மரத்துவிடும். தரை ஈரமா உலர்ந்ததா என்று கால் சொல்லாது. பார்வையும் மங்குகிறது. 20 வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சென்று சேர்கிறது.

நம்மவர்களுக்கே உரிய காரணங்களும் சில உண்டு. குளிக்காமல் ஒரு வாய் காபியும் அருந்தாத பெரியோர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, சர்க்கரைக்கு மாத்திரை உண்பவரோ மருந்தை உட்கொண்டுவிட்டுக் குளியலுக்காக உணவைத் தள்ளிப்போட்டால், சர்க்கரை தாழ்ந்து குளியலறையிலேயே மயக்கம் வரலாம். ஏகாதசியன்று முழு உபவாசம் இருந்து துவாதசி விடியலில் பாரணைக்கு முன் நீராடுபவர்களுக்கும் இதே நிலைதான். மருந்தையும் விரதத்தையும் எப்படிப் பொருத்துவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அன்றைக்கு மட்டுமாவது நின்றபடி குளிக்கக் கூடாது.

இன்னொன்று, மடித் துணி. உயரே கட்டிய கொடியில் மடிக்கோலால் புடவையை எடுக்கும்போது தலையை அண்ணாந்து, இரு கைகளையும் தூக்கி, ஈரக் காலுடன் நிற்கிறார்கள். தடுமாறுவதற்கு இதைவிடச் சரியான நிலை வேறு இல்லை. மடி கெடாமல் கொடியைத் தோள் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டலாம். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

பெருமான் அமர்ந்தே திருமஞ்சனம் கொள்கிறார்

முதியோரின் குளியலில் முதல் மாற்றம், நிற்பதை விட்டு உட்காருவது. இதற்குத்தான் வீடுகளில் எதிர்ப்பு அதிகம். "நான் என்ன நோயாளியா?" என்று கேட்பார்கள். உற்சவருக்குத் திருமஞ்சனம் நடக்கும்போது பெருமானும் தாயாரும் ஸ்நபன பீடத்தில் எழுந்தருளியிருப்பதைத் தரிசித்தவர்கள்தாமே நாம்! பீடத்தில் விழும் தீர்த்தம் தேங்காமல் ஒரு பக்கமாக வழிந்தோடும்படி அது அமைந்திருக்கும். கருவறையில் அபிஷேக நீர் கோமுகி வழியே வெளியேறுவதும் அப்படியே. நம் பாட்டிமாரும் மணையில் உட்கார்ந்துதான் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். நின்றுகொண்டு ஷவரில் குளிப்பது நேற்று வந்த பழக்கம்.

தரையோடு தரையாக உள்ள மணை இப்போது உதவாது. முழங்கால் மடங்க வேண்டும். பிறகு எழ வேண்டும். இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால், பாதம் முழுவதும் தரையில் ஊன்றி, தொடை மட்டமாக அமர்ந்து, எளிதில் எழலாம். குட்டையானவர்களுக்குச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடைகளிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் கிடைக்கும் அலுமினியக் குளியல் நாற்காலியில் கால்களின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நுனியில் ரப்பர் குமிழ் இருக்கும். அமரும் பலகையில் நீர் வடியத் துளைகள் இருக்கும். சாய்மானமும் இருபுறமும் கைப்பிடியும் உள்ளதாக வாங்குவது நலம். கல்யாண வீடுகளில் போடும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறைக்குள் போட வேண்டாம். ஈரத் தரையில் அதன் கால்கள் விரிந்து கொடுக்கும்; ஆளோடு சேர்ந்து சாயும்.

வெள்ளை டைல்ஸ் பதித்த அறையில் வெள்ளை நாற்காலி போட்டால், மங்கிய கண்ணுக்கு அதன் விளிம்பு தெரியாது. நீலமோ பழுப்போ, வேறு நிறமாக இருக்கட்டும். கைப்பிடிக் கம்பிக்கும் இதே விதிதான்.

ஹரித்வாரின் சங்கிலி

அடுத்தது கைப்பிடிக் கம்பி. வீட்டைக் கட்டிய பிள்ளைகளே இதற்குத் தடை சொல்வதைப் பார்க்கிறேன். அழகான குளியலறை ஆஸ்பத்திரிபோல் ஆகிவிடுமாம். ஹரித்வாரில் கங்கை பாயும் வேகத்தைக் கண்டவர்களுக்கு அங்கே படித்துறையில் பொருத்தியிருக்கும் சங்கிலிகளும் இரும்புக் கம்பிகளும் நினைவிருக்கும். இளைஞர்கள்கூட அதைப் பற்றிக்கொண்டுதான் முழுக்குப் போடுகிறார்கள். கங்கைக் கரையில் கம்பியைப் பற்றுவது விவேகம். வீட்டில் பற்றுவது மட்டும் வெட்கமா? குற்றாலத்தில் கம்பியைப் பிடித்தபடி அருவியில் நிற்பதை யாரும் இழிவாக நினைப்பதில்லை.

கம்பி ஏறத்தாழ ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால் விரல்கள் முழுவதுமாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே விரல் நுழையும் அளவு மட்டும் இடம் போதும்; அதிகமானால் விழும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். உயரம் 80 முதல் 90 செ.மீ. வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அளவுநாடாவைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. பெரியவரையே அழைத்து, நாற்காலியில் உட்காரச் செய்து, எழச் சொல்லுங்கள். கை இயல்பாக எங்கே நீள்கிறதோ அங்கே சுவரில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். கதவருகே ஒன்று, இருக்கை அருகே ஒன்று, கழிப்பறை இருக்கையின் பக்கத்தில் ஒன்று ஆக மூன்று கம்பிகளாவது வேண்டும். ஒன்றிலிருந்து கையை எடுப்பதற்குள் அடுத்தது கைக்கு எட்ட வேண்டும். தண்டியடிகளின் கயிறு இடையில் அறுந்திருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்குமா?

கம்பி ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் ஒரே இழுப்பில் தாங்க வேண்டும். துண்டுக் கம்பி தாங்காது. குழாயைப் பிடித்தால் குழாய் பெயர்ந்து வரும். காற்றை உறிஞ்சிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கைப்பிடிகளையும் நம்ப வேண்டாம். இன்று பிடிக்கும், நாளை சொல்லாமல் கழன்றுவிடும். அறையைப் பிரிக்கும் மெல்லிய சுவரில் பொருத்துவதானால், கொத்தனாரிடம் சொல்லி, சுவரின் மறுபுறம் தகடு வைத்துப் போல்ட்டால் இறுக்கச் செய்ய வேண்டும். பொருத்திய அன்று வீட்டிலேயே கனமான ஆள் ஒருவர் தொங்கிப் பார்த்துவிடட்டும்.

பெரியம்மா வீட்டில் இரண்டு கம்பியும் ஒரு நாற்காலியும்தான் போட்டார்கள். முதல் வாரம் முணுமுணுத்தார். இப்போது அவருக்கு வயது 84. நீராடல் மீண்டும் நடக்கிறது. ஆனால் பழையபடி 4 மணிக்கு அன்று. மருமகள் எழுந்து நடமாடும் 5.30 மணிக்குப் பிறகுதான் என்று ஓர் உடன்படிக்கை. அதில் அவருக்கு இன்னும் மனக்குறை உண்டு.

தீர்த்தத்தை அருகே கொண்டுவருதல்

திருமலை நம்பிகளின் வைபவம் வைணவ அன்பர்கள் அறிந்தது. முதிய வயதிலும் அவர் பாபவிநாசத்திலிருந்து திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்தம் சுமந்து வந்தார். பெருமான் வேடனாக வந்து அவரைத் தாதா என்று அழைத்து, தாகத்துக்கு நீர் கேட்டு, குடத்தில் துளையிட்டு நீரைக் குடித்துவிட்டான். நம்பிகள் மனம் கலங்கி நிற்க, அம்பெய்து மலையிலிருந்து ஆகாச கங்கையை வரவழைத்து, இனி அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்றருளினான் என்பது பெரியோர் வாக்கு. திருமலையில் தண்ணீரமுது உற்சவம் இன்றும் நடைபெறுகிறது.

முதியவர் நீரைத் தேடிப் போவதை நிறுத்தி, நீர் அவரிடம் வரவேண்டும். தரையிலுள்ள வாளியிலிருந்து ஒவ்வொரு செம்புக்கும் குனிந்து நிமிர்வது, ஒரு குளியலுக்கு முப்பது நாற்பது முறை. வாளியை உறுதியான முக்காலியின்மேல் வைத்துவிட்டால் குனிய வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் ஷவர் இருந்தால் இன்னும் எளிது. அதை மாட்டும் கொக்கி, உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். சோப்பு, சீயக்காய், துண்டு, மாற்று வேட்டி எல்லாம் இருக்கையிலிருந்து கை நீட்டும் தொலைவில் அமையட்டும். வேட்டி மாற்றும்போது ஒற்றைக் காலில் நிற்பது பெரிய ஆபத்து. அமர்ந்தே துவட்டிக்கொண்டு, உலர்ந்த இடத்துக்கு வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம்.

வெந்நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர், 5 விநாடிகளிலேயே ஆழமான தீப்புண் உண்டாக்கும். 49 டிகிரி என்றால் அதே புண் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் விலகிக்கொள்ளலாம். கீசரின் சூட்டை 50-க்கு அருகே குறைத்து வைப்பது நல்லது. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். மரத்த காலால் சூடு பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும். வாளிக்குள் மின்சாரக் கம்பிச்சுருளைப் போட்டு நீர் காய்ச்சும் வழக்கம் முதியோர் உள்ள வீட்டில் அறவே வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள்.

தரைக்கு வருவோம். சொரசொரப்பான டைல்ஸ்தான் ஏற்றது. சிறிய சிறிய துண்டுகளாகப் பதித்தால் இடைக்கோடுகள் அதிகமாகி, கால் நன்றாகப் பிடிக்கும். பழைய வீடுகளில் மெருகிடாத கடப்பைக் கல் போட்டது சிக்கனத்துக்காக மட்டுமன்று. தரை ஜலதாரையை நோக்கி மெல்லச் சரிய வேண்டும். நீர் தேங்கினால் பாசி பிடிக்கும். குளியலறை வாசலில் நீரைத் தடுக்க எழுப்பும் திண்டுதான் பலருக்கு இடறல். முடிந்தால் எடுத்துவிட்டுச் சரிவாக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் விளிம்புக்கு மஞ்சள் வண்ணமாவது பூசலாம். வாசலுக்கு வெளியே சாக்கை மடித்துப் போடும் பழக்கம் உண்டே, அது சுருண்டு காலை வாரும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்புதான் வேண்டும்.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. வெளியே நின்று கூக்குரலிடுவதுதான் மிச்சம். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். உள்ளே ஓர் அழைப்பு மணி. அதன் சுவிட்ச் சுவரில் உயரே இருந்தால் விழுந்தவருக்கு எட்டாது. ஆகவே ஒரு கயிற்றைக் கட்டி, தரைக்கு அரையடி மேல் வரை தொங்கவிடச் சொல்கிறார்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு முழுதும் சிறு விளக்கு எரியட்டும்; நவராத்திரி கொலுவுக்கு வாங்கிய விளக்குச் சரமே போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் பக்கவாதம் கண்டவர்களுக்கும் இன்னும் சில தேவைகள் உண்டு. நாற்காலி நுழைய வாசல் 90 செ.மீ. அகலம் வேண்டும், உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். உடலின் எந்தப் பக்கம் வலுவாக இருக்கிறதோ அந்தப் பக்கமே கம்பி அமைய வேண்டும். வலப்பக்கம் செயலிழந்தவருக்கு வலப்பக்கச் சுவரில் கம்பி போட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று அவரைக் குறைசொல்லும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். பார்வையற்றவருக்கு எல்லாப் பொருள்களும் நாள்தோறும் அதே இடத்தில் இருப்பதே கைப்பிடி. வீட்டைத் துடைப்பவர் வாளியை ஓரடி நகர்த்தி வைத்தாலும் அவருக்கு அது புதிய அறையாகிவிடும்.

இத்தகைய அளவுகளை முன்னெடுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ். 9 வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கல்லூரியில் அவரைப் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது; கழிப்பறைக்குள் நாற்காலி நுழையவில்லை. எல்லோருக்கும் பொருந்தும்படி முதலிலேயே கட்டிவிட்டால் பிறகு தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்ற விரிவான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2021-இல் வெளியிட்டது. புதுவீடு கட்டுவோர் பொறியாளரிடம் இதைக் கேட்டுப் பெறலாம். இன்னும் இளமையாக இருக்கிறவர்கள்கூட, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கம்பி வரவேண்டிய இடத்தில் சுவரை வலுப்படுத்தி வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுகள் கழித்து உடைக்க வேண்டியிராது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசையாமல் இருக்கலாம். அங்கும் நாற்காலி, முக்காலி, ரப்பர் விரிப்பு, விளக்கு இவை நான்கும் யார் அனுமதியும் இன்றி வரக்கூடியவை.

பிறர் கையால் நீராடும்போது

ஒரு கட்டத்தில் துணையின்றி முடியாது என்ற நிலை வரலாம். இங்கேதான் மனம் மிகவும் புண்படுகிறது. ஆடையின்றி நீராடலாகாது என்பது சாஸ்திர விதி. அதுவே இங்கே கைகொடுக்கிறது. இடுப்பு வேட்டியோடு, அல்லது மார்புவரை முடிந்த பழம்புடவையோடு நாற்காலியில் அமர்த்தி, முதுகிலும் காலிலும் மட்டும் துணைசெய்பவர் தேய்க்க, ஷவரைப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிடலாம். எந்த இடத்தை எப்போது நனைப்பது என்பது அவர் விருப்பம். இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் வேறொருவர் வாளியால் முகந்து ஊற்றத்தானே நாம் தலையை நீட்டி நின்றோம்? அப்போது அது பேறாகத் தோன்றியது. கதவைத் தட்டி "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவசரத்தில் எழுந்து விழுந்தவர்கள் பலர்.

உடல் அறவே ஒத்துழையாத நாளுக்கும் தர்ம சாஸ்திரம் வழி வைத்திருக்கிறது. தலையை நனைக்காமல் உடலுக்கு மட்டும் நீராடலாம். அதுவும் இயலாதவர் ஈரத் துணியால் உடலைத் துடைத்துக்கொள்ளலாம். நீரில் மூழ்கும் வாருண ஸ்நானம் ஒன்றுமட்டுமே ஸ்நானம் அன்று. மந்திரத்தால் புரோக்ஷித்துக்கொள்வது மாந்திரம். திருமண் போன்ற தூய மண்ணைப் பூசுவது பௌமம். விபூதி தரிப்பது ஆக்னேயம். பசுக்களின் குளம்படித் தூளியை ஏற்பது வாயவ்யம். வெயிலோடு பெய்யும் மழையில் நனைவது திவ்யம். இறைவனை உள்ளத்தில் தியானிப்பது மானஸம். ஆசார சீலரான முதியவர் குளிக்கவில்லையே என்று மருகும்போது, இவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லலாம். குடும்பத்துப் பெரியவர் அல்லது வாத்தியார் வாயால் கேட்டால் மனம் இன்னும் சமாதானமாகும். ஆனால், கம்பி போட மனமில்லாத பிள்ளைகள் "விபூதி இட்டுக்கொண்டால் போதாதா?" என்று கேட்பதற்காக இந்த விதிகள் ஏற்படவில்லை. இயலாதவருக்குத்தான் விலக்கு, இயலச் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டவருக்கு அன்று.

மயிலாடுதுறையில் ஐப்பசி மாதம் முழுவதும் காவிரியில் துலா ஸ்நானம். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. கால் ஊனமுற்ற ஒருவர், அந்த முழுக்குக்கு வந்து சேர நெடுந்தொலைவிலிருந்து புறப்பட்டார். தவழ்ந்தும் தத்தியும் அவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து, கார்த்திகை முதல் நாள் பிறந்துவிட்டது. கரையில் இருந்து அழுதார். மாயூரநாதப் பெருமான், இன்று மூழ்கினாலும் அதே பலன் உனக்கு உண்டு என்று அருளினார். அந்நாளை முடவன் முழுக்கு என்று வழங்குகிறோம். அவர் ஒருவருக்காகக் கிடைத்த அந்த நாளில், கால் நன்றாக உள்ளவர்களும் ஆயிரக்கணக்கில் சென்று நீராடுகிறார்கள்.

வரும் கார்த்திகை முதல் தேதியன்று துலாக்கட்டத்துக்குப் பெரியவர்களை அழைத்துச் செல்வோர், விடியற்காலை நெரிசல் தணிந்த பிறகு இறங்குவது நல்லது. படிகளில் பாசி இருக்கும். கடைசிப் படிவரை போக வேண்டியதில்லை. உலர்ந்த மேல் படியில் விரிப்பை இட்டு அவரை அமரச் செய்து, செம்பில் காவிரி நீரை முகந்துவந்து தலையில் மூன்று முறை வார்த்தால் போதும். மாற்றுடையையும் ஊன்றுகோலையும் கரையில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். கூடவே எடுத்துச் செல்லுங்கள். தங்கும் விடுதியில் தரைத்தள அறையாக, உட்காரும் வகைக் கழிப்பறை உள்ளதாக முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மடக்கிவைக்கும் குளியல் நாற்காலி, பேருந்திலும் ரயிலிலும் இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும்.